மணப்பெண்ணுக்கு ஓர் இலவச இணைப்பு

தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கையில் எடுத்தால் வளைந்து தொங்கும். ஓரத்தைப் பிடித்து அசைத்தால் எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சலசலக்கும். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பக்கம் மட்டும் சுருள் வரி, நடுவில் ஓட்டை. ரெக்கார்ட் ப்ளேயரில் போட்டால் கீழே சுழலும் தட்டோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்கும். அதனால் மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டு முள்ளை இறக்குவார்கள். ஃப்ளெக்ஸி டிஸ்க் என்று இதற்குப் பெயர். செலவு குறைவு, எடை இல்லை, தபாலில் போகும். அதனாலேயே ஒரு காலத்தில் பத்திரிகைகள் இதை வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தன.

1981-ல் இங்கிலாந்தில் இப்படி ஒரு வெள்ளைத் தகடு வந்தது. 'லவ்விங்' என்பது இளம்பெண்களுக்கான காதல் பத்திரிகை. அதன் வாசகியருக்கு இந்தத் தகடு இலவசம். பாட்டின் பெயர் 'அவர் வெட்டிங்', அதாவது 'எங்கள் திருமணம்'. பாடியவர் ஜாய் டி விவ்ர். வழங்கிய நிறுவனம் 'க்ரியேட்டிவ் ரெக்கார்டிங் அண்ட் சவுண்ட் சர்வீசஸ்'. உங்கள் கல்யாண நாளை இன்னும் கொஞ்சம் விசேஷமாக்கும் பாட்டு இது என்ற பாவனையில் பத்திரிகை அதை அறிமுகப்படுத்தியது.

அந்த நிறுவனப் பெயரின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். சி, ஆர், ஏ, எஸ், எஸ். க்ராஸ். அன்றைய பிரிட்டனில் அரசின்மைக் கொள்கையையும் பெண்ணியத்தையும் முழு மூச்சாகப் பேசிய பங்க் இசைக்குழு. பத்திரிகை அலுவலகத்தில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்தத் தகடு எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது என்று பின்தொடர்ந்தால் அந்தக் குழுவின் ஏழாண்டு வாழ்க்கையில் முக்கால்வாசி கண்ணில் பட்டுவிடுகிறது. எனக்கு அந்தக் குழுவின் மேடை ஆவேசத்தைவிட இந்தச் சன்னமான தகடுதான் நெருக்கமாக இருக்கிறது.

லண்டனுக்கு வடகிழக்கே எஸெக்ஸ் மாவட்டத்தில், எப்பிங்கை ஒட்டி, டயல் ஹவுஸ் என்று பழைய பண்ணை வீடு ஒன்று இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1967-லிருந்து பென்னி ரிம்பாடும் ஓவியர் ஜீ வாச்சரும் அதைத் திறந்த வீடாக வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், தோட்ட வேலையில் கை கொடுக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். 1977-ல் ஸ்டீவ் இக்னரண்ட் என்ற இருபது வயதுப் பையன் அங்கே வந்து சேர, அவன் பாட, ரிம்பாட் டிரம்ஸ் அடிக்க, குழு தொடங்கியது. மெல்ல மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஈவ் லிபர்டைன், ஜாய் டி விவ்ர், பீட் ரைட், ஃபில் ஃப்ரீ, என். ஏ. பாமர் என்று பெரும்பாலும் புனைபெயர்களோ அரைப் பெயர்களோதான். எல்லோரும் கறுப்பு உடுத்தினார்கள், யாரும் தலைவராகத் தெரியக் கூடாது என்பதற்காக. மேடையில் வண்ண விளக்கு கிடையாது, வீட்டு பல்புதான்.

அராஜகம் என்றால் நம் பத்திரிகை மொழியில் அடிதடி, ரௌடித்தனம். இவர்களுடைய அரசின்மை அதற்கு நேர்மாறு. போரை எதிர்த்தார்கள், இறைச்சி சாப்பிடுவதில்லை, தட்டுக்கு இவ்வளவு காசுக்கு மேல் கொடுக்காதே என்று உறையிலேயே அச்சடித்தார்கள். யாருக்கும் யார் மேலும் அதிகாரம் இல்லை என்பதுதான் கொள்கை. அதை உண்மையாகவே நம்பினால் வீட்டுக்குள் ஆணுக்குப் பெண் மேல் இருக்கும் அதிகாரத்தையும் தொடாமல் விட முடியாது. பெண்ணியத்தை அவர்கள் தனிப் பாடமாகப் படித்து வந்து சேர்த்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. அரசின்மையைக் கடைசிவரை யோசித்துப் போனவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

குழுவின் முதல் சண்டையே ஒரு பெண் குரலால் வந்தது. 1978-ல் பதிவான முதல் தட்டின் தொடக்கத்தில் ஈவ் லிபர்டைன் பேசும் ஒரு பகுதி இருந்தது. சிலுவையில் தொங்கும் ஏசுவைப் பார்த்து, உன் பெயரால் பெண்களுக்கு என்னென்ன நடந்தது தெரியுமா என்று குற்றம் சாட்டும் பேச்சு. அயர்லாந்தில் தட்டு அச்சிடும் ஆலையின் தொழிலாளர்கள் அதை அச்சிட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். குழு அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுமார் இரண்டு நிமிட மௌனத்தை வைத்தது. அதற்கு 'தி சவுண்ட் ஆஃப் ஃப்ரீ ஸ்பீச்' என்று தலைப்பு. பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை.

அந்த மௌனத்திலிருந்துதான் அவர்களுடைய சொந்த லேபிள் பிறந்தது. இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று க்ராஸ் ரெக்கார்ட்ஸைத் தொடங்கி, 1979-ல் அந்தப் பேச்சையே 'ரியாலிட்டி அசைலம்' என்ற சிறு தட்டாக வெளியிட்டார்கள். விலை 45 பென்ஸ். வரியைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் விற்ற ஒவ்வொரு தட்டிலும் நஷ்டம். தெய்வ நிந்தனை வழக்கு வரும் என்ற மிரட்டலும் வந்து போனது.

அவர்களுடைய தட்டுகளின் வரிசை எண்களைப் பார்க்க வேண்டும். 1979 கடைசியில் வந்தவற்றுக்கு 521984 என்று தொடங்கும். 1980-க்கு 421984. முதல் இலக்கம், ஜார்ஜ் ஆர்வெல் தன் நாவலில் எழுதிய அந்த 1984-க்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்ற கணக்கு. ஒவ்வொரு தட்டும் ஒரு நாள்காட்டித் தாள். நம் வெள்ளைத் தகட்டுக்கு எண் 321984/1 எஃப். எஃப் என்பது ஃப்ளெக்ஸி. அப்படியானால் அந்த எஃப் இல்லாத 321984/1 என்று இன்னொன்று இருக்க வேண்டும். இருந்தது. அதுதான் தாய்.

1979 கடைசியில் வந்த 'ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி க்ராஸ்' வரை குழுவின் முகமாக இருந்தது ஸ்டீவின் குரல். லண்டன் தொழிலாளர் வட்டாரப் பேச்சில் தொண்டை கிழியக் கத்துவான். கேட்க வருபவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள். பங்க் இசை எவ்வளவு கலகம் பேசினாலும் மேடைக்கு முன்னால் நின்று முட்டி மோதுவது ஆண் உடல்கள்தான். இந்த நிலையில்தான் அடுத்த தட்டு முழுவதையும் பெண்களே பாடுவது என்று முடிவெடுத்தார்கள். ஸ்டீவ் ஒரு வரிகூடப் பாடவில்லை. தட்டின் உறையில் அவன் பெயர் இருக்கிறது, பக்கத்தில் 'இந்தப் பதிவில் இல்லை' என்ற குறிப்போடு. இந்தக் குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பெண்களுக்காக ஓர் ஆண் பேசுவதை நிறையப் பார்த்திருக்கிறோம். விலகி நின்று, விலகி நிற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் குறைவு. அதுவும் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த குரலே அப்படி ஒதுங்கி நின்றது.

நம் தகட்டின் தாயான அந்தத் தட்டின் பெயர் 'பீனிஸ் என்வி'. பெண் குழந்தை தனக்கு ஆண்குறி இல்லையே என்று ஏங்குகிறது, அந்த ஏக்கம்தான் அவள் மனதை உருவாக்குகிறது என்று சிக்மண்ட் ஃப்ராய்ட் சொன்னாரே, அந்தக் கோட்பாட்டின் பெயர். அதையே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். உறையில், அட்டைப் பெட்டிக்குள் விற்பனைக்கு வைத்த ஊதும் பிளாஸ்டிக் பெண் பொம்மை.

வடக்கு லண்டன் வுட் கிரீனில் ஜான் லோடர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் நடத்திய சதர்ன் ஸ்டூடியோஸில் அது பதிவானது. பெரும்பாலான பாடல்கள் ஈவ் லிபர்டைனுடையவை. அவர் குரலில் கத்தல் குறைவு. ஒரு சொல்லை மென்மையாகத் தொடங்கி, நடுவில் பல்லைக் கடித்து, முடிவில் துப்புவார். மிரட்டிப் பாடுவது இவருக்கு முடியாமல் இல்லை. ஆனால் இனிமையாகப் பேசும்போதுதான் இந்தத் தட்டு அதிகம் கலங்கடிக்கிறது.

முதல் பாட்டு 'பாட்டா மோட்டல்'. ஆம், நாம் செருப்பு வாங்கும் அதே பாட்டா. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் கொலை நடக்கும் விடுதியின் பெயரையும் கூடவே நினைவூட்டும் தலைப்பு. உயர்ந்த குதிகால் செருப்புக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு, என்னை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்து என்று கொஞ்சும் ஒரு பெண்ணின் குரலில் பாட்டு நகர்கிறது. அந்தக் கொஞ்சலுக்குள் இருக்கும் வலி கேட்பவருக்குப் பிடிபடாமல் போகாது. 'சிஸ்டமாடிக் டெத்' ஒரு பையனையும் பெண்ணையும் பிறப்பிலிருந்து பின்தொடர்கிறது. பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று அடுத்தடுத்து வந்து விழும் கண்ணிகள்.

தட்டைத் திருப்பிப் போட்டால் முதலில் வருவது 'பெர்க்கர்டெக்ஸ் ப்ரைப்'. பெர்க்கர்டெக்ஸ் அன்றைக்கு இங்கிலாந்தில் கல்யாண உடைக்குப் பேர்போன பெயர், ப்ரைப் என்றால் லஞ்சம். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு, நம் 'அவர் வெட்டிங்'. இரண்டாம் பக்கம் கல்யாணப் புடவையில் தொடங்கிக் கல்யாணப் பாட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது பாட்டு உறுமலுக்குப் பிறகு இது வரும்போது தட்டு மாறிவிட்டதோ என்று தோன்றும். தேவாலய மணி, ஆர்கன், சர்க்கரைப் பாகு போன்ற மெட்டு. ஜாய் டி விவ்ரின் சின்னப் பெண் குரல். காதலன் இனி எனக்கு மட்டும், வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது, நானும் உனக்கு மட்டுமே உடைமை என்று மனம் குளிர்ந்து பாடுகிறாள். வானொலியில் வரும் எந்தக் காதல் பாட்டிலும் இருப்பதுதான் இது. கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறது, அவ்வளவே. தட்டை வரிசையாகக் கேட்டவருக்கு இந்த இடத்தில் மூச்சு முட்டும். வரிசையாகக் கேட்காதவருக்கு?

இந்தக் கேள்வியில்தான் ஃப்ளெக்ஸியின் பிறப்பு இருக்கிறது. 'பீனிஸ் என்வி' என்ற பெயர் போட்ட தட்டை வாங்கப் போவது ஏற்கெனவே மனம் மாறியவர்கள். கறுப்புச் சட்டை போட்ட பையன், பள்ளியை விட்டு ஓடிவந்த பெண். அந்தத் தட்டில் சொல்லியிருப்பது யாருக்காகவோ, அந்தப் பெண் 'லவ்விங்' வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும் இடத்துக்குப் போக, அவள் நம்பும் உடையைத்தான் உடுத்த வேண்டியிருந்தது. அதனால் கடைசிப் பாட்டை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு கற்பனை நிறுவனத்தின் பெயரில் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். பத்திரிகையும் மகிழ்ந்து வாங்கிக்கொண்டது.

அதே 1981 ஜூலை 29 அன்று லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் இளவரசர் சார்ல்ஸுக்கும் டயானாவுக்கும் கல்யாணம். டயானாவுக்கு வயது 20. நாடு முழுக்கக் கோப்பையிலும் தட்டிலும் அவர்கள் முகம். கல்யாணம் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டு பிரிட்டனில் இருந்த பளபளப்பு கொஞ்சமல்ல. அந்தப் பளபளப்பின் நடுவேதான் இந்த வெள்ளைத் தகடும் உலவியது.

குட்டு வெளிப்பட்டபோது 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' கொதித்தது. ஞாயிறுதோறும் பெண்களின் அந்தரங்கத்தை விற்றே லட்சக்கணக்கில் போன பத்திரிகை அது. இந்தக் குழுவின் தட்டுக்கு வைத்த பெயர் அச்சிட முடியாத அளவுக்கு ஆபாசம் என்று அது எழுதியது. பெயர் ஓர் உளப்பகுப்பாய்வாளரின் புத்தகச் சொல். பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. 'லவ்விங்' வாசகிக்குப் போன தகட்டில் இருந்தது அந்தப் பத்திரிகையே வாரந்தோறும் சொல்லிவந்த சங்கதி. அதைக் கெட்டியாகச் சொன்னதும் ஆபாசமாகிவிட்டது.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஏமாற்றப்பட்டது பத்திரிகை மட்டுமில்லை. எங்கோ ஒரு சிறு ஊரில், ஆசை ஆசையாக அந்தத் தகட்டை எடுத்து, மேலே நாணயத்தை வைத்து, முள்ளை இறக்கிக் கேட்டவள் இருப்பாள். அவளுக்கு அது மெய்யாகவே பிடித்திருக்கலாம். பிறகு தன்னை யாரோ வைத்து விளையாடினார்கள் என்று தெரிந்தால் அவள் முகம் எப்படி ஆகியிருக்கும்? பெண்களுக்காக எழுதிய பாட்டு ஒரு பெண்ணைக் கூசவைத்தால் அது சரியா? பலமுறை யோசித்த பிறகும் குழு செய்தது சரி என்றே நினைக்கிறேன். காரணம் அந்தப் பாட்டே. அது அவளைக் கேலி செய்யவில்லை. பாடும் குரலில் இளக்காரம் இல்லை. அவள் கேட்டு வளர்ந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அவள் கையில் எடுத்துவைக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

தந்திரம் பலித்ததால் ஃப்ளெக்ஸி அவர்களுக்குப் பழகிய கருவியானது. 1982-ல் ஃபாக்லாந்து தீவுப் போர். நாடே கொடி பிடித்து நின்றபோது 'ஷீப் ஃபார்மிங் இன் தி ஃபாக்லாண்ட்ஸ்' என்ற போர் எதிர்ப்புப் பாட்டை ஃப்ளெக்ஸியில் அடித்து, பெயர் போடாமல், கடைகளுக்குப் போகும் வேறு தட்டுகளின் உறைக்குள் செருகிவிட்டார்கள். காசு கொடுத்து வேறு ஏதோ பாட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே இதுவும் இருக்கும். கல்யாணப் பரிசாகப் போன தகட்டின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அடுத்து, பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் அமெரிக்க அதிபர் ரீகனும் தொலைபேசியில் பேசிக்கொள்வதுபோல் அவர்களுடைய குரல் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரு நாடா செய்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அதை ரஷ்ய உளவுத்துறையின் வேலை என்றது. டயல் ஹவுஸ் வேலைதான் என்று 1984 ஜனவரியில் 'அப்சர்வர்' கண்டுபிடித்தது.

தாய்த் தட்டுக்கு வேறு கதி. எச்.எம்.வி. கடைகள் அதை விற்க மாட்டோம் என்றன. பிறகு இங்கிலாந்தின் வடமேற்கில் ஒரு கடையிலிருந்து போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. ஆபாசப் பிரசுரச் சட்டத்தின் கீழ் வழக்கு. தீர்ப்பு எதிராக வந்தது. மேல்முறையீட்டில் கிட்டத்தட்ட எல்லாம் தள்ளுபடியாக, ஒரே ஒரு பாட்டு மட்டும் மாட்டிக்கொண்டது. 'பாட்டா மோட்டல்'. பாலுணர்வைத் தூண்டும் ஆபாசம் என்று அதன் வரிகளை நீதிமன்றம் முடிவுகட்டியது. குதிகால் செருப்புக்குள் நசுங்கும் பெண்ணின் வலியைக் கேட்டு நீதிபதிகளுக்குத் தென்பட்டது அதுதான். பாட்டு எதைக் குற்றம் சாட்டியதோ அதைத் தீர்ப்பே சாட்சி சொல்லி நிரூபித்துக் கொடுத்தது.

வழக்குச் செலவு, அலுப்பு, இடைவிடாத ஓட்டம் எல்லாம் சேர்ந்து குழுவைத் தேய்த்தது. எண் வரிசையும் இறங்கிக்கொண்டே வந்து 1984-ஐத் தொட்டது. அந்த ஆண்டு ஜூலை 7 அன்று வேல்ஸில் அபர்டேர் என்ற நிலக்கரி ஊரில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசித்தார்கள். அதுவே கடைசி மேடை. பாமர் விலகப்போவதாகச் சொன்னார், மற்றவர்களும் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள்.

'பீனிஸ் என்வி' நிற்கவில்லை. 1990-களில் அமெரிக்காவில் பெண்களே குழு கட்டி, பெண்களை மேடைக்கு முன்வரிசைக்கு அழைத்துப் பாடிய ரயட் கர்ல் அலை எழுந்தபோது, பங்க் மேடையில் பெண் குரல் இப்படியும் இருக்கலாம் என்பதற்கு அது முன்பே இருந்தது. 2010-ல் ஒலியைச் சுத்தம் செய்து புது உறையோடு மறுபடி வந்தது. ஆபாசம் என்று அள்ளிப்போன தட்டைக் கடையில் கேட்டு வாங்கலாம் என்றானது. 2016-ல் கோல்செஸ்டர் நகரின் ஃபர்ஸ்ட்சைட் கலைக்கூடம் ஜீ வாச்சரின் படைப்புகளுக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. டயல் ஹவுஸை நிலத்தோடு விற்கும் நிலை வந்தபோது, அங்கே குடியிருந்தவர்களே பாடுபட்டு ஏலத்தில் வாங்கிக் காப்பாற்றினார்கள்.

வெள்ளைத் தகடு இப்போது சேகரிப்பவர்களிடம் இருக்கிறது. ஃப்ளெக்ஸியின் வரிப்பள்ளம் ஆழமில்லாதது. ஒவ்வொரு முறை முள் ஓடும்போதும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். பத்து இருபது தடவை கேட்டால் மணியோசைக்கும் ஆர்கனுக்கும் பின்னால் கரகரப்பு ஏறிவிடும், பிறகு குரலும் மங்கும். கீறல் இல்லாமல் நல்ல விலைக்குப் போகும் பிரதிகள், அது என்ன என்று தெரிந்து யாரோ உறைக்குள் பத்திரப்படுத்தியவை. நம்பி வாங்கி, கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரிகளில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கக்கூடிய பிரதிகளின் வரி அப்போதே தேய்ந்து, இன்றைக்கு முள் வைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும்.